வேப்பெண்ணெய்

பழனியாயி மார்பில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்ட நாளிலிருந்து குழந்தை அவளிடம் போவதில்லை. தப்பித்தவறிப் போனாலும் அதட்டித் தள்ளிவிடுவாள்.

"நீயெல்லாம் பெத்தவளாடி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் செல்லாயி. "இந்தப் பஞ்சத்துல பால நிறுத்துறியே!"

"அவரு பாத்துக்குவாரு. என்னைவிட நல்லாத்தான் வளக்குறாரு."

புருஷன் சடையனுக்கு அவள்மேல் ஆத்திரம்தான். புண் வைத்த காலை இழுத்துக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கை மசித்து ஊட்டுவதும் தூளியாட்டுவதும் அவன்தான். ஆனாலும் குழந்தை தன் தோளில் மட்டுமே தூங்குவதில் அவனுக்கு ஒரு பெருமை.

"பொம்பளைக்குத்தான் பிள்ள வளக்கத் தெரியும்னு எவன் சொன்னான்?" என்று செல்லாயியிடம் சொல்லிச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் ஜப்பான்காரன் லோரி ரப்பர் தோட்டத்துக்குள் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் ஏறியாக வேண்டும். சடையன் தோளில் குழந்தையோடு நொண்டி நொண்டி முன்னால் போனான்.

"நீ எங்கய்யா வர்ற?" என்றார் பேர்ப்பட்டியலோடு நின்ற தோட்டத்துக் கணக்கர் கிராணி. "ஒனக்குப் பதிலா ஒம் பொண்டாட்டி ஆள் கேட்ட அன்னைக்கே பேர் குடுத்துட்டாளே. ஒங்கிட்ட சொல்லலையா?"

பழனியாயி லோரியில் ஏறி நின்று, குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

குழந்தை முகத்தைத் திருப்பி, அப்பாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது.