பச்சை மெமோ

தேன் கிடங்கு முதலாளி கரடி, காவல் வேலையில் தூங்கிய கீரியைப் போன மாதம், "நாளையிலிருந்து வராதே!" என்று கத்தி அனுப்பிவிட்டது. கீரி நேரே போய் வழக்குப் போட்டது. வழக்கு நாளை என்கிறபோதுதான் கரடி வக்கீல் நரியிடம் ஓடியது.

"மெமோ கொடுத்தீங்களா? விளக்கம் கேட்டீங்களா?" என்றது நரி.

"வாயாலே சொன்னேனே வக்கீல் சார், போதாதா?"

"போதாது. தூங்கினது தப்புதான். ஆனா ஒரு வார்த்தை கேக்காம அனுப்பினது உங்க தப்பு. திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுடுங்க."

கீரியிடம் போய் நிற்பதா? கரடி வெளியே போய் ஓர் ஆலிலையைப் பறித்து, போன மாதத் தேதி போட்டு, மெமோ எழுதிக்கொண்டு வந்தது.

நரி வாங்கிப் பார்த்தது. காம்பில் இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு நீதிபதி யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"வெள்ளாடு. மோந்தாலே இலை எப்பப் பறிச்சதுன்னு சொல்லிடுவாரு."

கரடி மெமோவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடியது. இலையைப் பாறைமேல் காயப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, "சீக்கிரம் காஞ்சுடு, காஞ்சுடு" என்று ஊதியது.

முதல் தூறல் அதன் மூக்கில் விழுந்தது.