வலப்பக்கம் யாருக்கு?

“தியாபா வலது பக்கம் வரலைன்னா இன்னைக்கும் எனக்குச் சோறு கிடையாது, டீச்சர்” என்றார் மோமார். சொந்தமாகப் படகு விட்டு மீன் பிடிக்கிறவர், ஐம்பதைத் தாண்டிய ஆள், கையில் தூரிகையோடு அழாத குறையாக நின்றார்.

அஸ்து டீச்சர் அவர் வரைந்த கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணாடி ஓவியத்தில் வர்ணம் பூசுவது பின்பக்கம், பார்ப்பது முன்பக்கம். அதனால் இடம் வலமாகும், வலம் இடமாகும். முதல் வகுப்பிலேயே படித்துப் படித்துச் சொன்னதுதான். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே?

மோமாருக்கு இரண்டு மனைவிகள். தபாஸ்கி என்கிற பக்ரீத் பண்டிகைக்கு நாலு பேர் வந்து போகிற வீடு, ஒரு குடும்பப் படம் வேண்டாமா என்று இரண்டு பேருமே நச்சரித்தார்கள். முதலில் வந்தவள் நான், வலப்பக்கம் எனக்குத்தான் என்றாள் மூத்தவள் தியாபா. ஆண்பிள்ளை பெற்றவள் நான், எனக்குத்தான் என்றாள் இளையவள் மாரெம். அவர்கள் ஊரான செயின்ட் லூயியில் இருக்கிற ஓவியர் ஒருத்தரும் இந்த வம்பில் தலையைக் கொடுக்கத் தயாராயில்லை. வேறு வழியில்லாமல்தான் மோமார் தானே கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

தியாபாவைத்தான் வலப்பக்கம் வரைந்தார், பாவம். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பி மாட்டியதும் அங்கே மாரெம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். முறை வைத்துச் சமைக்கிற வீடு அது. தியாபா தன் முறை வந்த நாளில் அடுப்பையே பற்றவைக்கவில்லை.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். இந்தத் தடவை தியாபா சரியாக வலப்பக்கம் வந்தாள். சோறும் வந்தது. ஆனால் மாரெமின் முறை வந்தபோது, படத்தில் யார் வலப்பக்கம் இருக்கிறாளோ அவளிடமே போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டாள். தியாபாவோ, அடுத்தவள் முறையில் நான் ஏன் கரண்டி பிடிக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மோமார் தெருமுனையில் ரொட்டியும் அவித்த பயறும் வாங்கித் தின்றுவிட்டு வகுப்புக்கு வந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். கால்சட்டையெல்லாம் சிமெண்ட். கேட்டதற்கு, கொல்லையில் வலை போட்டு வைக்க ஓர் அறை கட்டுவதாகவும், ஜன்னல் வைக்கிற வேலை நடப்பதாகவும் சொன்னார்.

“வலைக்கு எதுக்கு அண்ணே ஜன்னல்?” என்று வகுப்பில் கூடப் படித்த தையல்காரர் இப்ரா சீண்டினார்.

“வலைக்குக் காத்து வேணாமா?” என்றார் மோமார்.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷன் குடும்பத்தில் நிம்மதி வேண்டும் என்று வர்ணமும் கையுமாக அல்லாடுகிறான், இவர்களுக்குக் கேலியா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அன்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

வழக்கமாகக் கண்ணை முதலில் வரைந்து, அதன்மேல் முகத்துக்கு நிறம் பூசுவார்கள். கடைசியில் பின்னணி. டீச்சர் பின்னணியே வேண்டாம் என்றாள். முகத்துக்கு நிறம் பூசிக் காய்ந்ததும், அதன்மேல் இன்னொரு முறை கண், மூக்கு, வாய் வரையச் சொன்னாள். நகைநட்டு, உடுப்பில் இருக்கிற பூ எல்லாம் அப்படியே. இப்போது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் படம்தான்.

“உங்க சம்சாரங்க ரெண்டு பேர் ரூமுக்கும் நடுவுல ஒரே சுவருதானே அண்ணே? அதுல ஓட்டை போட்டு இதைப் பதிச்சிடுங்க. இந்த ரூம்ல இருந்து பாத்தா தியாபா வலது பக்கம். அந்த ரூம்ல இருந்து பாத்தா மாரெம் வலது பக்கம்.”

மோமார் வாயைப் பிளந்தார். ஒருத்தி அறையில் இன்னொருத்தி செத்தாலும் கால் வைக்க மாட்டாள். அந்த வீறாப்பு இருக்கிறவரை விஷயம் வெளியே வரப்போவதில்லை.

அடுத்த வகுப்புக்கு மோமார் கஞ்சி போட்டுத் தேய்த்த நீல அங்கி, அத்தர் வாசனை சகிதம் வந்தார். தலையில் ஒரு பெரிய தாம்பாளம், அது நிறைய மீன் சோறு. தியாபா இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பூரித்துப்போனாளாம். மாரெம் அந்தப் பக்கம் நின்று பார்த்து, அக்கா பாவம் என்று மனசுக்குள் இரக்கப்பட்டாளாம். இப்போது இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு ஆக்கிப் போடுகிறார்களாம். வகுப்பே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டது.

டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு குடும்பத்தைப் பிரியாமல் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தபோது கண்கூடக் கலங்கியது. இவரைப் போல வீட்டில் சமாதானம் வேண்டும் என்று உயிரை விடுகிற புருஷன் இந்த ஊரில் உண்டா என்று இப்ராவிடம் வாய்விட்டே சொன்னாள்.

எல்லாரும் கை கழுவிவிட்டுக் கிளம்பினார்கள். மோமார் மட்டும் போகவில்லை. புதுக் கண்ணாடி ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, டீச்சர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மூணு பேரும் வலது பக்கம் இருக்கற மாதிரி வரைய ஏதாவது வழி இருக்கா, டீச்சர்?”