ஒரு கொட்டுக்கு வயிறு நிறையத் தேன்

“மறுபடியும் கொட்டிடுச்சா?”

மூரென் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஃபிங்கின் இடது கையை நீட்டினான். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு புள்ளி.

“உங்க தேனீதாங்க. ஆனா நான் அதைக் கொல்லல, சத்தியமா.”

அந்தக் காலத்து அயர்லாந்துச் சட்டம் இந்த விஷயத்தில் கறார். ஒருவரைத் தேனீ கொட்டினால், கூட்டுக்கு உரியவர் அவருக்கு வயிறு நிறையத் தேன் கொடுக்க வேண்டும். கொட்டிய தேனீயை அவர் அடித்துக் கொன்றிருந்தால் ஒரு துளிகூடக் கிடையாது.

மூரென் கணவனை இழந்தவள். பக்கத்து மேட்டில் மாடு வளர்க்கும் ஃபிங்கினுக்கு என்ன ராசியோ, எட்டு வாரமாக வாரம் தவறாமல் கொட்டு வாங்கி வந்தான். அவள் தேனும் ஓட்ஸ் ரொட்டியும் வைப்பாள். அவன் பேசிப் பேசியே பொழுது சாயும்வரை சாப்பிடுவான்.

இன்று பார்த்து அவளுடைய அண்ணன் ரோனான் வந்திருந்தான்.

“யோவ், ஊர்ல இத்தனை பேர் இருக்கோம். தேனீக்கு உன் கை மட்டும்தான் ருசிக்குதா?”

“மாட்டு வாசனை பிடிக்கலையோ என்னவோங்க...”

“மழுப்பாதே! தேனீதான் கொட்டுச்சுன்னு என் தங்கச்சி முன்னால சத்தியம் பண்ணு. இல்லேன்னா இனிமே இந்த வாசப்படி ஏறக் கூடாது.”

ஃபிங்கின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். கொல்லவில்லை என்று ஆயிரம் சத்தியம் செய்யலாம், அது உண்மை. இந்தச் சத்தியத்தையும் செய்துவிட்டால் வாராவாரம் அவளைப் பார்க்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு பிரியம்.

“தேனீ இல்லீங்க. முள்ளால நானே குத்திக்கிட்டேன். எனக்குத் தேனீன்னாலே பயம், கூட்டுப் பக்கமே போனதில்ல. இவங்ககூட ரெண்டு வார்த்தை பேசணும்னுதான்...”

“கேட்டியா மூரென்! எட்டு வாரமா உன்னை ஏமாத்தித் தின்னிருக்கான்! நடடா நீதிபதிகிட்ட!”

மூரெனின் முகம் சிவந்தது.

“அப்படின்னா என்னையும் கூட்டிட்டுப் போண்ணே.”

“உன்னை எதுக்கு?”

“என் தேனீயெல்லாம் வசந்த காலத்துலயே காட்டுக்குப் பறந்துபோச்சு, ஆறு கூடும் காலி. இவர் வருவாரேன்னு, நூல் நூத்துக் கொடுத்து மடத்துலேர்ந்து வாராவாரம் தேன் வாங்கிட்டு வந்தது நான்தான்.”