வளராத பூவிழி

மருத்துவமனை மருந்தகத்தில் பயிற்சி முடியும் நேரத்திலும் பூவிழியின் கையில் கட்டியிருந்த வளர்ச்சிமானி பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை. தப்பு செய்து திருந்தினால்தான் அது ஏறும். இவளோ ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. கூடப் பயிலும் ரூபன், வாராவாரம் யாரையாவது ஐசியூவுக்கு அனுப்பிவிட்டுக் கண்கலங்குவான். அவனுக்கு மானி எகிறியது, விருதும் கிடைத்தது.

"இப்படியே இருந்தா உன்னை ஃபெயில்தான் பண்ணணும். ரூபனைப் பாத்துக் கத்துக்கோம்மா," என்றார் தலைமை மருந்தாளுநர் சவரிமுத்து. சொன்ன கையோடு தன் பிரஷர் மாத்திரைச் சீட்டை அவளிடம் நீட்டினார்.

"ரூபன் சும்மாதானே சார் நிக்கிறான்? அவன்கிட்ட வாங்கிக்கலாமே."

"விளையாடாதம்மா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நான் பிள்ளைகுட்டிக்காரன்."