பழியைப் பூசிக்கொண்டவள்

“ஏம்மா, எங்க வீட்டுக்கு மருமகளா வரப்போறவ மூஞ்சில என்ன கண்றாவியைப் பூசினே?”

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், அழகு நிலையத்தின் கூடத்தில் நின்று சத்தம் போட்டார் மாப்பிள்ளையின் தாயார். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அழகுக்கலைக்காரி மணப்பெண்ணைப் பார்த்தாள். முகத்திலும் கழுத்திலும் செந்தடிப்பு; கண்கள் சிவந்திருந்தன; உடம்பு அனலாய்க் கொதித்தது. முந்தாநாள் அவளுக்கு ஃபேஷியல் செய்தது வாஸ்தவம். அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

“வாயைத் திற கண்ணு.”

உள்ளேயும் கொப்புளங்கள். தான் பூசிய க்ரீம் வாய்க்குள் போகவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“புதுசா மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?”

“வலிப்புக்கு. மூணு வாரமா.” பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தைக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்க்கா.”

“கல்யாணம் கிடக்கட்டும், முதல்ல உயிர். டாக்டர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிடு. வெளியில நான் பார்த்துக்கறேன்.”

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“என் க்ரீம்தாம்மா ஒத்துக்கலை. தப்பு என்னோடது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“உன் கடைக்குப் பூட்டுப் போட வைக்கிறேன் பாரு.”

“போடுங்க. முதல்ல வண்டியில ஏறுங்க.”

மருத்துவர் அந்த மாத்திரையை அன்றே நிறுத்தி, பெண்ணை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தோலே உரிந்திருக்கும் என்றார்.

பெண் தேறினாள். கல்யாணம் தள்ளிப்போயிற்று. அழகுக்கலைக்காரி கடையில் ஈ ஓட்டினாள்.

மூன்றாம் மாதம் வாசலில் அதே மணப்பெண். பக்கத்தில் மாப்பிள்ளையின் தாயார். பின்னால் அவர் வீட்டுச் சொந்தக்காரப் பெண்கள் எட்டுப் பேர்.

“இங்கேயா அலங்காரம்?” என்று முகம் சுளித்தாள் ஒரு சித்தி. “இவ க்ரீமாலதானே அத்தனை பாடும்?”

“க்ரீம் இல்லை சித்தி,” என்றாள் மணப்பெண் சிரித்துக்கொண்டே. “எனக்கு வலிப்பு உண்டு. அதுக்குச் சாப்பிட்ட மாத்திரைதான்.”

கூடமே மாப்பிள்ளையின் தாயாரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் சாவகாசமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முப்பது வருஷமா உங்க யாருக்கும் தெரியாம நான் முழுங்குறதும் அதே மாத்திரைதான். எனக்கு ஒத்துக்கிச்சு, இவளுக்கு ஒத்துக்கலை. மாமியாருக்கும் மருமகளுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். நீ வேலையை ஆரம்பிம்மா.”