விடை சரி, வழி தப்பு

கையெழுத்துக்காக வீட்டுக்கு அனுப்பிய கணக்கு விடைத்தாளோடு ஒரு அம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றதுமே டீச்சருக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்து இது ஒன்பதாவது ஆள். எல்லோருக்கும் அரை மார்க்கோ ஒரு மார்க்கோ கூடப் போட்டாக வேண்டும்.

உட்காரக்கூடச் சொல்லாமல் டீச்சர் பிடிபிடியென்று பிடித்தார். பிள்ளைக்குக் கணக்குப் புரிந்ததா என்று ஒருத்தராவது கேட்கிறீர்களா, மார்க்குக்காக இப்படி நாயாய்ப் பேயாய் அலைகிறீர்களே என்று.

வந்தவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"கூடப் போட வேணாம் டீச்சர். அஞ்சு மார்க் குறைக்கணும்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வந்தவள் ஏழாவது கணக்கில் விரலை வைத்தாள். மேலே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன்பது, கீழே எக்ஸ் மைனஸ் மூன்று. சுருக்க வேண்டும். எக்ஸ் பிளஸ் மூன்று என்ற விடை என்னவோ சரிதான். ஆனால் மேலே இருப்பதைக் காரணிகளாகப் பிரிக்கவே இல்லை. எக்ஸ் ஸ்கொயரை எக்ஸால் அடித்து, ஒன்பதை மூன்றால் அடித்து, மைனஸும் மைனஸும் பிளஸ் என்று பிள்ளை கதையை முடித்திருந்தது. டீச்சர் கடைசி வரியை மட்டும் பார்த்து முழு மார்க் போட்டிருந்தார்.

"இது குருட்டாம்போக்குல வந்த விடை டீச்சர். ரெண்டு மைனஸையும் பிளஸ்ஸாக்கி, எக்ஸுக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. மேல பத்து, கீழ நாலு, ரெண்டரைதான் வரணும். இந்த வழியில அடிச்சா நாலு வரும்."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனாலும் மனசு குளிர்ந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு தொண்ணூற்று மூன்றாகிவிடும், முதலிடம் போய்விடும் என்று சொல்லியும் பார்த்தார்.

"போகட்டும் டீச்சர். இப்பவே திருத்தலைன்னா பெரிய பரீட்சையில கவுந்துடுமே, பாவம்."

சிவப்புப் பேனா ஐந்தை அடித்துச் சுழி போட்டது. வகுப்புக்கு இப்படி ஒரு அம்மா இருந்தால் போதும் என்று டீச்சருக்குப் பக்கத்து மேஜை சயின்ஸ் டீச்சரிடம் சொல்லி மாளவில்லை. பொண்ணைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே நாலு வார்த்தை பாராட்டிவிடலாம் என்று எழுந்தார்.

வந்தவள் சட்டென்று டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளைக் கூப்பிட்டுடாதீங்க டீச்சர். இது என் ஓரகத்தி பொண்ணோட பேப்பர். தொண்ணூத்தாறு வாங்கி ரெண்டாவதா நிக்கிறாளே, அவதான் என் பொண்ணு."