ஏழு பேருக்கும் ஒரே சர்க்கரை

"ஏம்ப்பா, ஏழு பேரும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்களா?"

டாக்டரம்மா கேட்டதும் பெஞ்சில் இருந்த ஏழு தடியன்களும் முழிச்சாங்க. சாயங்காலம் ஆணழகன் போட்டி. ஸ்டீராய்டு ஊசி போடாதவங்களுக்கு மட்டும்னு கண்டிஷன். அதனால ஜட்டியும் எண்ணெய் பூசின உடம்புமா டெஸ்டுக்கு வந்திருந்தாங்க.

"இல்ல மேடம், ஒரே ஜிம்" என்றான் ஜிம்மில் எல்லாரும் 'தூண்'னு கூப்பிடுறவன். மூணு வருஷமா பட்டம் அவனுக்குத்தான்.

"ஸ்டீராய்டு ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். சாதாரண டெஸ்ட் இப்பவே வந்துடுச்சு. நீங்க கொண்டுவந்த ஏழு டப்பா யூரின்லயும் ஒரே அளவு சர்க்கரை. அதுவும் கண்டபடி ஏறிக் கிடக்கு. எப்படி?"

"ஒரே சாப்பாடு மேடம். எல்லாருக்கும் பன்னெண்டு முட்டை."

புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா!

"சரி, ஏழு பேருக்கும் இன்சுலின். நர்ஸ், ஊசியை எடு."

ஒருத்தனாவது பயப்படணுமே? வரிசையா தோளைக் காட்டினாங்க.

"எனக்கு இந்தப் பக்கம் வேணாம் சிஸ்டர், நேத்துதான் இங்க..." என்று ஆரம்பிச்ச கடைசி ஆள் நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

டாக்டரம்மா நர்ஸ் கையிலிருந்த ஊசியை வாங்கித் தட்டில் போட்டாங்க.

"உங்க பட்டம் எக்கேடோ கெடட்டும். இந்த யூரினுக்குச் சொந்தக்காரர் சாயங்காலத்துக்குள்ள மயங்கி விழலாம். எழுந்திரிக்காமலே போகலாம். யாருன்னு சொல்லித் தொலைங்க!"

ஜெயிச்சா பெரிய ஜிம்மில் தூணுக்கு வேலை நிச்சயம். வீட்டில் கைக்குழந்தை வேற. இருந்தும் அவன்தான் வாயைத் திறந்தான்.

"எங்க ஜிம்மைக் கூட்டுற அண்ணனோடது மேடம். அங்க ஊசி போடாத ஆள் அவர் ஒருத்தர்தான்."

அடுத்த நிமிஷம் ஏழு பேரும் ஜட்டியோடவே மெயின் ரோட்டில் ஓடினாங்க. அண்ணனை நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. நாப்பத்தஞ்சு கிலோ ஆளுக்கு ஏழு பேர், அப்பவும் மூச்சு வாங்குது!

டாக்டரம்மா அண்ணன் மேல பாய்ஞ்சாங்க. "இவ்வளவு சர்க்கரையை வச்சுக்கிட்டு மாத்திரை போட மாட்டீங்களா? இதுல இந்தப் பசங்களுக்கு ஏழு டப்பா தானம் வேற!"

"எட்டு வருஷமா ஒருநாள் விடாம போடறேம்மா. இந்த மூணு நாளாத்தான் நிறுத்தி வச்சேன்."

"எதுக்கு?"

"தினமும் இவங்க போட்ட ஊசியை அள்ளிக் கொட்டறவன் நான். போன வருஷம் எட்டுப் பேரா இருந்தாங்க. ஒருத்தன் என் கண்ணு முன்னாலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டான். அப்புறமும் நிறுத்தலையே! கெஞ்சிப் பார்த்தேன், எவனும் கேக்கலை. டப்பாவுல கோளாறு இருந்தாத்தானே நீங்க இவங்களைப் பிடிச்சு உக்கார வைப்பீங்க?"

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னை அப்புறம் பாருங்கம்மா. முதல்ல இவங்க ஏழு பேருக்கும் ரத்தம் எடுங்க."